மொட்டை மாடி கிரில்னு சொல்லி காசு வாங்கிட்டு கீழ் ஹால்ல உக்கார வச்சாங்க, சர்வீஸ் சார்ஜ் வேற: திரும்ப வாங்க முடியுமா?

கேள்வி: சார், நான் மண்டபம் பக்கம். மே கடைசியில பொண்ணோட மொத பொறந்த நாளுக்கு சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டு மொத்தம் 20 பேரா ராமநாதபுரத்துல ஒரு மொட்டை மாடி கிரில் பஃபேக்கு போனேன். தலைக்கு 750, டேபிள்லயே கரி அடுப்பு, வஞ்சிரம், எறா, டிக்கா எல்லாம் அன்லிமிடெட்னு இன்ஸ்டாகிராம்ல விளம்பரம், 5,000 அட்வான்ஸ் கட்டினேன். போனப்புறம் மேல காத்து அதிகம்னு கீழ ஏசி ஹாலுக்கு அனுப்பிட்டாங்க, அடுப்பே வரல, அதே ஹால்ல சாதா பஃபே 550னு போர்டு இருக்கு. தங்கச்சிமடத்துல மீன் வித்த எங்கம்மா வாயில வச்சதும் இது வஞ்சிரமே இல்லனுட்டாங்க. பில்லுல 15,000 சாப்பாடு, 1,500 சர்வீஸ் சார்ஜ், 825 ஜிஎஸ்டி, தட்டுல மிச்சம் வச்சதுக்கு 500, மொத்தம் 17,825. கேட்டா எல்லாம் ரூல்ஸ்படிதான்னு மேனேஜர் சொல்றார், கூட்டத்துக்கு நடுவுல சண்டை வேண்டாம்னு கட்டிட்டு வந்துட்டேன். கட்டினப்புறம் கேக்க முடியுமா? போலீஸ்ல சீட்டிங் கேஸ் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, கட்டினதால உங்க உரிமை போயிடாது. குழந்தை பொறந்த நாள்ல, சொந்தக்காரங்க முன்னாடி, யாரு மேனேஜர் கூட மல்லுக்கு நிப்பா, அந்தக் கூச்சத்தை வச்சுதான் இந்த மாதிரி பில் எல்லாம் ஓடுது, அதனாலதான் இதுக்கு கொஞ்சம் விரிவாவே பதில் சொல்றேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 படி பிரச்சனை நடந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷம் உங்களுக்கு டைம் இருக்கு.

முதல்ல சர்வீஸ் சார்ஜ், இதுதான் உங்க கேஸ்ல ரொம்ப வலுவான இடம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதி வழிகாட்டுதல் போட்டுச்சு, எந்த ஹோட்டலும் பில்லுல தானா சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேற பேர்லயும் வாங்கக் கூடாது, அதை சாப்பாட்டோட கூட்டி அந்த மொத்தத்துக்கு ஜிஎஸ்டியும் போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்க இதை எதிர்த்து டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, 2025 மார்ச் 28ல அந்த மனுக்களைத் தள்ளுபடி பண்ணி வழிகாட்டுதல் செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு. மேல்முறையீடு போட்டிருக்காங்க, ஆனா அதைக் காட்டி உங்ககிட்ட வாங்கின 1,500ஐ அவங்க நியாயப்படுத்த முடியாது. பரிமாறின பசங்களுக்கு மனசார டிப்ஸ் கொடுக்கறது உங்க இஷ்டம், அதை கட்டாயம்னு பில்லுல அடிச்சு நீட்டறதுதான் தப்பு.

இப்ப அந்த 825ஐப் பாருங்க. தனியா நடக்கிற ரெஸ்டாரண்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 15,000க்கு 750தான் வரணும், அவங்க சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து 16,500க்கு போட்டிருக்காங்க, அப்ப 75 ரூபா கூடுதல். சின்னக் காசுதான், ஆனா மேல சொன்ன வழிகாட்டுதலை மீறினதுக்கு அவங்களே அச்சடிச்சுக் கொடுத்த சாட்சி அது, விட்றாதீங்க. பில்லுல 33ல ஆரம்பிக்கிற 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னும் பாருங்க, இருந்தா ஜிஎஸ்டி வெப்சைட்ல போட்டா கடையோட நிஜப் பேரும் அவங்க எந்த வகை பதிவுன்னும் வந்துடும். காம்பசிஷன் திட்டத்துல, அதாவது சின்ன வியாபாரிங்க தங்க விற்பனைக்கு ஒரு குறைஞ்ச வரியை தங்க கையிலிருந்தே கட்டற திட்டத்துல இருக்கற கடைன்னா கஸ்டமர்கிட்ட வரியே வசூலிக்கக் கூடாது, அப்ப அந்த 825 முழுசாவே தப்பு.

காத்து விஷயத்துல மட்டும் நான் அவங்க பக்கமும் கொஞ்சம் பேசணும். நம்ம கரையில மே கடைசியில காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும், மொட்டை மாடியில எரியற கரி அடுப்பு, பக்கத்துல குழந்தைங்க, பொறி பறந்தா யாரு பதில் சொல்றது, அதனால கீழ அனுப்பினதை, உங்க புகாரை விசாரிக்கப் போற மாவட்ட நுகர்வோர் ஆணையம் குறையா எடுத்துக்காது. ஆனா கீழ அனுப்பும்போது அடுப்பு கிடையாது, 550க்கு போட்டுக்கறோம், இல்ல வேற நாள் வாங்க, அட்வான்ஸ் திருப்பித் தர்றோம்னு ஏதாவது ஒண்ணு சொல்லியிருக்கணும். எதுவும் சொல்லாம 550 ரூபா சாப்பாட்டைப் போட்டு 750 வாங்கினதுதான் சேவைக் குறைபாடு. அந்த போர்டை ஃபோட்டோ எடுத்தீங்களா? இல்லன்னா யாரையாவது அனுப்பி இன்னைக்கே எடுங்க, ஏன்னா உங்க நஷ்டம் எவ்வளவுன்னு கணக்கு சொல்றது அந்த போர்டுதான். தலைக்கு 200, 20 பேருக்கு 4,000, அதுக்கான ஜிஎஸ்டி 200.

மீன் விஷயத்துல நிதானமா இருங்க. தடைக்காலத்துல எப்படி ஃப்ரெஷ் மீன் வந்துச்சுன்னு வாதம் வைக்கலாம்னு தோணும், அது நிக்காது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போயிட்டுதான் இருக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் இதை ஒரே வரியில உடைச்சிருவார். அதுக்குப் பதிலா அம்மாவை ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுக்கச் சொல்லுங்க. வஞ்சிரம்னா நடுமுள்ளோட வட்டத் துண்டா இருக்கும், சதை இறுகி நிக்கும், இங்க வச்சது முள்ளே இல்லாத வெள்ளை ஃபில்லே துண்டா, தொட்டா உதிர்ந்துச்சா, பாசாங்கற மலிவான வளர்ப்பு மீன் மாதிரி இருந்துச்சான்னு அவங்க பாத்ததைப் பாத்த மாதிரியே சொல்லட்டும். வாழ்நாள் பூரா மீன் வித்தவங்க சொல்ற சொல்லுக்கு எடை உண்டு. கூடவே அன்னைக்கு வஞ்சிரம் வாங்கின பில்லை ஹோட்டல் தாக்கல் பண்ணணும்னு ஆணையத்துக்கிட்ட ஒரு மனு போடுங்க, வாங்கியிருந்தா காட்டட்டும். இருந்தாலும் இதைத் துணை வாதமாத்தான் வைக்கணும், கேஸையே இது மேல கட்டக் கூடாது.

அந்த 500 ரூபா அபராதம். அபராதம் போட ஹோட்டலுக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் கொடுக்கல. முன்னாடியே சொல்லி, நீங்க ஒத்துக்கிட்டு, அப்புறம் தட்டு நிறைய அள்ளி வீணடிச்சிருந்தா நியாயமான இழப்பீடு கேக்கலாம், அதுவும் ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவு சொல்ற அளவுக்குத்தான். புக் பண்ணும்போது வாட்ஸ்அப்ல அப்படி ஒரு வரியும் இல்லன்னா தைரியமா திரும்பக் கேளுங்க. ஆனா மனுவுல இதை நியாயமற்ற ஒப்பந்தம்னு எழுதிடாதீங்க, அப்படி எழுதினா மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் இல்ல, மாநில ஆணையத்துக்குத்தான் போகணும்னு எதிர்த்தரப்பு தூக்கிப் போட்டுரும். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை, இந்த ரெண்டு வார்த்தை போதும்.

போலீஸ் வேண்டாம் தம்பி. மோசடின்னா ஆரம்பத்துலயே ஏமாத்தற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டணும், ஸ்டேஷன்ல இது சிவில் மேட்டர்னு அனுப்பிருவாங்க, உங்களுக்குத்தான் அலைச்சல். கூகுள்ல ரிவ்யூ போடறதா இருந்தா நடந்ததை மட்டும் பில் ஃபோட்டோவோட போடுங்க, திருடங்க, கெட்டுப்போன மீனு அந்த மாதிரி நிரூபிக்க முடியாததை எழுதினா அவங்க அவதூறு நோட்டீஸ் விடுவாங்க.

இப்ப செய்ய வேண்டியது. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அழிச்சிட்டாங்கன்னா கஷ்டம். அட்வான்ஸ் கட்டின யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் சாட், பில், ஹால்ல எடுத்த பொறந்தநாள் ஃபோட்டோ, அதுல டேபிள் மேல அடுப்பு இல்லாதது தெரியுமே, எல்லாத்தையும் ஒண்ணா வைங்க. 1915க்கு ஃபோன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணுங்க, பல கடைங்க அந்தக் கட்டத்துலயே காசைத் திருப்பிருவாங்க. மசியலன்னா டெலிவரி ஆனதுக்கு ஒப்புகை கிடைக்கற மாதிரி ஸ்பீட் போஸ்ட்ல 15 நாள் டைம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்க, அதுக்கும் பதில் இல்லன்னா ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல நேர்லயோ இ-ஜாக்ரிதிங்கற அரசு வெப்சைட் மூலமாவோ புகார். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, வக்கீல் வைக்கணும்னு கட்டாயமும் இல்ல, நீங்களே பேசலாம்.

கேக்க வேண்டிய தொகை: சர்வீஸ் சார்ஜ் 1,500, அது மேல போட்ட ஜிஎஸ்டி 75, அபராதம் 500, கிரில் வித்தியாசம் வரியோட 4,200, ஆக 6,275. இதோட மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனியா கேளுங்க, ஆனா லட்சக் கணக்குல கேக்காதீங்க, 6,000 ரூபா பிரச்சனைக்கு 5 லட்சம் கேட்டா உங்க மேல இருக்கற நம்பிக்கைதான் குறையும். நோட்டீஸ்ல எதிர்த்தரப்பா போர்டுல இருக்கற கடைப் பேரை மட்டும் போடாதீங்க, ஜிஎஸ்டி வெப்சைட்ல வர்ற உரிமையாளர் பேரையும் முகவரியையும் அப்படியே எழுதுங்க.