டன்னாட்டர் கோட்டைக்கு அந்திநடை: கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஸ்டோன்ஹேவன் துறைமுகத்திலிருந்து பாறை விளிம்பை ஒட்டித் தெற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடந்தால் டன்னாட்டர் கோட்டை எதிரே தெரியும். அந்தப் பாதையில் மாலைக் குழுக்களை அழைத்துச் செல்பவன் என்ற முறையில் விடை சொல்கிறேன். பாதை, ஒளி, வானிலை, பாதுகாப்பு ஆகியவை என் துறை; தங்குமிடமும் ரயில் நேரமும் கேட்பவர்களுக்கு நான் பயன்பட மாட்டேன்.

கேள்வி: ஐயா, அஸ்தமனம் இரவு 10 மணி என்று போட்டிருக்கிறது. ஒன்பதரைக்குப் புறப்பட்டால் போதும் அல்லவா?

போதாது. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவது இரவு 10 மணி கடந்து சில நிமிடங்களில். டிசம்பரிலோ பிற்பகல் மூன்றரைக்கு முன்பே மறைந்துவிடும். ஆனால் அட்டவணையில் உள்ள நேரம் தடையற்ற தொடுவானத்துக்குக் கணக்கிடப்பட்டது. டன்னாட்டரில் சூரியன் இறங்கும் திசையில் இருப்பது கடலன்று, மேடான வயல்வெளி. கையை முழுவதும் நீட்டி ஒரு விரலைக் கிடையாகப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 2 பாகை. மேட்டின் விளிம்பு அவ்வளவு உயர்ந்திருந்தாலே போதும், ஜூன் மாதத்தில் நேரடி வெயில் 20 நிமிடத்துக்கு முன்பே கோட்டையை விட்டுப் போய்விடும். பூமத்திய ரேகைக்கு அருகே இதே 2 பாகையைச் சூரியன் 8 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. 57 பாகை வடக்கில் அது சரிந்து சரிந்து இறங்குவதால் இத்தனை வேறுபாடு. ஆகவே அட்டவணை நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் காட்சிமுனையில் இருக்குமாறு திட்டமிடுங்கள். நடைக்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

கேள்வி: 3 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா? நான் சமதரையில் அரை மணியில் முடிப்பேன்.

சமதரையில் முடிப்பீர்கள். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கு இன்றும் நடைமுறையில் உண்டு: மணிக்கு 5 கிலோமீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். அந்தக் கணக்குப்படி முக்கால் மணிக்குள் வந்துவிடலாம். ஆனால் நெய்ஸ்மித் தனக்காகக் கணக்கிட்டார். பத்துப் பேரும் பத்துக் கேமராக்களும் கொண்ட குழுவுக்காக அன்று. துறைமுகத்தை விட்டதும் வருகிற செங்குத்தான ஏற்றத்தில் பாதிக் குழு மூச்சு வாங்கி நிற்கும். அடுத்து வரும் பிளாக் ஹில் போர் நினைவுச் சின்னத்தில், கூரையற்ற எண்கோண மண்டபத்தைச் சுற்றி வராமல் ஒருவரும் நகர்வதில்லை. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்ட அந்தச் சின்னம், முடிவுறாமல் போன வாழ்வுகளைக் குறிக்க வேண்டுமென்றே இடிபாட்டின் வடிவில் கட்டப்பட்டது. அங்கே நிற்பவர்களை நான் அவசரப்படுத்துவதில்லை.

கேள்வி: மாலையில் கோட்டைக்குள்ளே போகலாமா?

கோடையில் அஸ்தமனத்துக்கு வெகுநேரம் முன்பே கோட்டையைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே பார்க்க விரும்பினால் பகலில் ஒருமுறை வாருங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும். பலத்த காற்று வீசும் நாளில் பகலிலேயே மூடிவிடுவதும் உண்டு. அந்திநடை என்பது எதிர்ப்பாறையிலிருந்து பார்ப்பதுதான்.

கேள்வி: கைப்பேசியின் விளக்கு போதுமா?

போதாது. ஒரு கையை அது பிடித்துக்கொள்ளும். தடுமாறும்போது அந்தக் கைதான் தேவைப்படும். கைப்பேசி விழுந்தால் விளக்கும் போயிற்று, உதவி கேட்கும் வழியும் போயிற்று. தலையில் மாட்டும் விளக்கும் புதிய பேட்டரியும் ஆளுக்கு ஒன்று வேண்டும். செல்லும்போது ஒளி இருக்கிறது என்பதற்காக விளக்கை வண்டியில் விட்டுவிட்டு வருபவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். நீங்கள் வந்தது அஸ்தமனம் பார்க்க. அஸ்தமனத்துக்குப் பிறகுதான் திரும்பி நடப்பீர்கள்.

கேள்வி (மேற்குக் கரையில் வசிப்பவர்): கிழக்குக் கரையில் அஸ்தமன நடை என்று விளம்பரம் செய்வதே ஏமாற்று வேலை இல்லையா? கடலில் சூரியன் விழாத இடத்தில் என்ன அஸ்தமனம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கடலுக்குள் சூரியன் இறங்குவதை மட்டுமே அஸ்தமனம் என்று கொள்வதானால் டன்னாட்டர் உங்களுக்கு உரிய இடம் அன்று. கார்ன்வாலின் அட்லாண்டிக் கரையில் டின்டேஜல் கோட்டைக்குச் செல்லுங்கள். விளம்பரத்தில் கோட்டைக்குப் பின்னே சூரியன் மறைவதாகப் படம் போட்டிருந்தால் அது ஏமாற்றுதான், ஏனெனில் வடக்கிலிருந்து வருபவருக்குக் கோட்டை தென்கிழக்குப் பக்கம் இருக்கிறது. ஆனால் இந்தக் கரையின் சிறப்பு வேறு. ஜூன் மாதத்தில் சூரியன் வடமேற்கில் இறங்குகிறது. அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால். அந்தக் கடைசி வெயில் முழுவதும் எதிரே உள்ள சுவர்களிலும், கூழாங்கற்களைச் சாந்திட்டுப் பிணைத்ததுபோன்ற செம்மண்நிறப் பாறையிலும் நேராக விழுகிறது. மேற்குக் கரையிலோ கோட்டை பெரும்பாலும் வெறும் கருநிழலாகத்தான் தெரியும்.

கேள்வி (அதே நண்பர்): வெயில் போன பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. பத்து நிமிடத்தில் இருட்டிவிடும்.

இரண்டும் தவறு. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரை விளக்கின்றிப் பாதையை ஓரளவு பார்க்க முடியும். பூமத்திய ரேகையில் அது ஏறத்தாழ 21 நிமிடம். டன்னாட்டரில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் 40 நிமிடத்தை நெருங்கும். ஜூனில் ஒரு மணி பத்து நிமிடம் வரை நீளும். ஜூன் நள்ளிரவிலும் சூரியன் 10 பாகைக்குக் கீழே போவதில்லை என்பதால் வடக்குத் தொடுவானம் விடியும் வரை வெளுத்தே இருக்கும்.

பார்க்க என்ன இருக்கிறது என்பது முக்கியமான கேள்வி. சூரியன் மறைந்ததும் எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் குழுவைக் கிழக்கே திருப்பி நிறுத்துகிறேன். கடலின் விளிம்பில் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு பட்டை மெல்ல எழும். அது மேகமன்று, மூட்டமன்று, பூமி தன் காற்றுமண்டலத்தின்மீது வீழ்த்தும் நிழல். அதற்கு மேலே இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை தோன்றும். காற்றில் நெடுந்தொலைவு வந்ததால் நீலம் சிதறிச் செம்மை மட்டும் மிஞ்சிய ஒளி, அங்குள்ள காற்றில் பட்டு நம்மிடம் திரும்புவதால் வரும் நிறம் அது. சூரியன் இருக்கும் திசைக்கு நேர் எதிரே இந்த நிழல் எழுவதால், ஜூனில் அது தென்கிழக்கில், கோட்டையின் பின்புலமாகவே எழுகிறது. டிசம்பரில் வடகிழக்குக்கு நகர்ந்து திறந்த கடலின்மேல் நிற்கும். கால் மணி நேரம் போல நீடித்து, பின்னர் பட்டையின் விளிம்பு கலங்கி இரவோடு ஒன்றாகிவிடும்.

கேள்வி (வேறொருவர்): அந்த இளஞ்சிவப்பு, கடலில் பட்டுத் திரும்பும் ஒளி என்று படித்திருக்கிறேன்.

தவறாகப் படித்திருக்கிறீர்கள். கடலே இல்லாத பாலைவனத்திலும் மலையுச்சியிலும் அதே பட்டை தெரிகிறது. கடல் செய்யும் உதவி ஒன்றுதான்: தொடுவானத்தை மறைக்காமல் இருக்கிறது.

கேள்வி (மேற்குக் கரை நண்பர்): அப்படியானால் எங்கள் கரையிலும் திரும்பி நின்றால் தெரியுமே. உங்கள் கரைக்கு என்ன தனிப்பெருமை?

தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் முதுகுக்குப் பின்னே மலை இருக்கிறது. நிழல் மலையைத் தாண்டி மேலே வரும்போது அதன் விளிம்பு ஏற்கெனவே மங்கிப்போயிருக்கும். எங்களுக்கு அது நீர்மட்டத்திலேயே தொடங்குகிறது. நீங்கள் சூரியனை எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் எங்களுடையது.

கேள்வி: நல்ல கைப்பேசி விளக்கு என்றால் போதுமா?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பாறையின் நுனியில் நின்று கோட்டையுடன் படம் எடுத்தவர்களைப் பார்த்தேன். அந்த இடத்தை அடையாளம் சொல்ல முடியுமா?

சொல்ல மாட்டேன். அந்தப் பாறை கூழாங்கற்கள் பொதிந்த பழைய வண்டல். அதன் தலையில் இருப்பது மண்ணும் புல்லும். விளிம்பில் புல் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே பாறை இருக்கிறதா என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. இப்பகுதியில் நிலச்சரிவால் பாதையை உள்ளே தள்ளி அமைத்ததும் உண்டு. கோட்டைப் பாறை கடலிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரம். நீங்கள் நிற்கும் எதிர்க்கரையும் அதற்குச் சளைத்ததன்று. விளிம்பிலிருந்து உங்கள் உயரத்தைப் போல் இருமடங்கு தள்ளி நில்லுங்கள், காற்று வீசினால் இன்னும் தள்ளி. கேமராவில் கண்ணை வைத்தபடி பின்னோக்கி ஓர் அடி கூட வைக்காதீர்கள். யாரேனும் விழுந்தால் பின்னாலேயே இறங்காமல் 999 அல்லது 112ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள்.

கேள்வி: போன மாதம் வந்தோம். வெண்மையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஸ்டோன்ஹேவனுக்கு உள்ளே நல்ல வெயில்! இது என்ன நியாயம்?

அதற்கு இங்கே ஹார் என்று பெயர். வெப்பமான காற்று குளிர்ந்த வட கடலின்மேல் நகரும்போது அதிலுள்ள ஈரம் மூடுபனியாகிறது. கடற்காற்று அதைக் கரைக்குத் தள்ளுகிறது. வசந்தம் முதல் கோடை வரை, கடல் இன்னும் குளிர்ந்திருக்கும்போது மிகுதி. உள்நாட்டில் வெயில் கடுமையாக இருக்கும் நாளிலேயே கரையில் ஹார் வருவதால் காலை வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது வீண். காற்று கிழக்கிலிருந்து வந்தால் ஐயப்படுங்கள். மேற்கிலிருந்து உலர்ந்து வந்தால் நம்பலாம். நடுவழியில் ஹார் சூழ்ந்தால் நான் குழுவைத் திருப்பிவிடுவேன். பணம் கொடுத்தவர்கள் முகம் வாடும். இருந்தாலும் விளிம்பு கண்ணுக்குத் தெரியாத பாதையில் இருட்டும் சேர்ந்துகொள்ள விடமாட்டேன்.

கேள்வி: பாதை தெளிவாக இருக்கிறது என்கிறார்கள். வழிகாட்டி எதற்கு?

தெளிவான கோடை மாலையில், விளக்கும் நல்ல காலணியும் வைத்திருந்து, திரும்பும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்து அதைக் கடைப்பிடிப்பவருக்கு வழிகாட்டி தேவையில்லை. இதைச் சொன்னால் எனக்கு நட்டம்தான். வழிகாட்டி செய்வது வழி காட்டுவதைவிட எண்ணிக்கை பார்ப்பது: எத்தனை பேர் வந்தார்கள், கடைசியில் யார், யாருடைய மூச்சு மாறியிருக்கிறது, யார் சொல்லாமல் படம் எடுக்கப் பிரிந்தார். ஒருவரை அமர்த்துவதானால் முதலுதவிச் சான்றும் காப்பீடும் உண்டா என்றும், மவுண்டன் டிரெய்னிங் அமைப்பின் தகுதிகளில் எது அவரிடம் இருக்கிறது என்றும், எந்த வானிலையில் நடையை ரத்து செய்வார் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "எந்த வானிலையிலும் போவோம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: டிரோன் பறக்கவிடலாமா?

கோட்டை தனியார் உடைமை, உரிமையாளரைக் கேளுங்கள். வசந்தத்திலும் கோடையிலும் பாறையில் கடற்பறவைகள் கூடு கட்டியிருக்கும். அப்போது கேட்கவே வேண்டாம்.

கேள்வி: நாயை அழைத்து வரலாமா?

கயிற்றில் கட்டி அழைத்து வாருங்கள். வயலில் ஆடுகள், மறுபக்கம் பாறை விளிம்பு.

கேள்வி: கோட்டையின் வரலாறு பற்றி?

என் துறைக்கு வெளியே; ஆனாலும் காத்திருக்கும் நேரத்தில் சொல்வதை இங்கும் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் மணிமுடி, செங்கோல், அரசவாள் ஆகியவை 1651இல் ஸ்காட்லாந்துமீது படையெடுத்த ஆங்கிலத் தளபதி குரோம்வெல்லின் படையிடமிருந்து காக்கப்பட்டு இங்கே இருந்தன. மாதக்கணக்கில் நீடித்த முற்றுகையின் முடிவில், 1652இல், கோட்டை பணிந்தபோது அவை உள்ளே இல்லை. முன்பே வெளியேற்றப்பட்டுத் தெற்கே கினெஃப் தேவாலயத்தின் தரைக்கடியில் புதைக்கப்பட்டிருந்தன. யார், எப்படிக் கொண்டுபோனார் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. கடலைப் பார்த்தபடி கேட்க எல்லாமே நன்றாக இருக்கும்.

கேள்வி: இரவு ஏழு மணிக்குக் கோட்டைக்குள் அனுமதி உண்டா?

மூன்றாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பௌர்ணமி அன்று வருவது நல்லதா?

மிக நல்லது. பௌர்ணமி நிலா சூரியன் மறையும் வேளையை ஒட்டி எதிர்த்திசையில் எழும். ஆகவே பூமியின் நிழல் எழும் அதே கிழக்கு வானம்தான். கோடையில் தென்கிழக்கே தாழ்வாக, கோட்டைப் பக்கமாக வரும். செப்டம்பர் பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நிலா ஒவ்வொரு மாலையும் சிறிதளவே தாமதித்து எழுவதால், ஒருநாள் மேகம் மூடினாலும் மறுநாள் வாய்ப்பு இருக்கும். ஆனால் நிலா இருக்கிறதே என்று விளக்கை விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: குழு திரும்பிய பிறகு நான் மட்டும் சிறிது நேரம் இருந்து நட்சத்திரம் பார்த்துவிட்டு வரலாமா?

என் குழுவில் வந்தவர் என்றால் இருக்கக் கூடாது. தனியாக வந்தவர் என்றால் திரும்பும் நேரத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும் என்பதால் சிவப்பொளி உள்ள விளக்காக எடுத்து வாருங்கள். திரும்பி நடக்கத் தொடங்கியதும் அதை வெள்ளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாதையில் உள்ள சேறும் கல்லும் சிவப்பில் ஒன்றுபோலத் தெரியும்.