பழைய, விசித்திரமான துப்பாக்கிகள் மீது சிலருக்கு ஏன் இவ்வளவு மோகம்?

சுடும் ஆசைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில், ஆர்வலர்களை இழுப்பது பொறியியல். அதிலும் தோற்றுப்போன பொறியியல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குண்டும் வெடிமருந்தும் ஒரே உறைக்குள் அடங்கிய உலோக உறைத் தோட்டா நிலைபெறும் வரை ஒவ்வொருவரும் தன் மனம்போன போக்கில் முயன்று பார்த்தார்கள்.

1780 வாக்கில் ஆஸ்திரியப் படைக்கு வந்த ஜிரார்டோனி துப்பாக்கியில் வெடிமருந்தே கிடையாது. தோளில் அணைக்கும் அடிக்கட்டையாக அமைந்த உலோகக் கலத்தில் அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளும். புகை இல்லை, சுமார் இருபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம். ஆனால் காலியான கலத்தை நிரப்ப ஏறக்குறைய 1,500 முறை பம்பு அடிக்க வேண்டும்! போர்க்களத்தில் அதற்கு யாருக்கு நேரம்? ஆய்வுப் பயணிகளான லூயிஸ், கிளார்க் இருவரும் 1804இல் தொடங்கிய அமெரிக்கப் பயணத்தில் இப்படியொரு காற்றுத் துப்பாக்கியை எடுத்துச் சென்று வழியில் சந்தித்த பழங்குடியினருக்குச் சுட்டுக் காட்டினார்கள்.

உலோக உறைத் தோட்டா நிலைபெற்ற பிறகும் இத்தகைய முயற்சிகள் நிற்கவில்லை. 1960களின் ஜைரோஜெட் துப்பாக்கி இன்னும் வேடிக்கை. அதன் தோட்டா ஒரு குட்டி ராக்கெட். சாதாரணக் குண்டு குழலை விட்டு வெளியேறும்போதே முழு வேகத்தில் இருக்கும். இதுவோ வெளியே வந்த பிறகுதான் வேகம் பிடிக்கும். ஆகவே மிக அருகில் இருக்கும் இலக்கை வலுவாகத் தாக்காது. குறியும் சரியாக அமையவில்லை.

இன்னொன்று: பழைய துப்பாக்கியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு குறைந்துவிடும். காலம் ஏற்றிய நிறமும், பாதுகாப்பாகச் சுடுமா என்று சோதித்துப் பொறித்த முத்திரைகளும், வரிசை எண்ணும்தான் சேகரிப்பாளர்களுக்கு அதன் வரலாற்றைச் சொல்லும் சான்றுகள்.