ஒயர் வைத்த தொலைபேசி

வணக்கம் சார்,

நீங்கள் சொன்னதால் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொலைக்காட்சித் தொடரை முழுவதும் பார்த்தேன். நன்றாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் மனிதன் செய்த இயந்திரம் மனிதனையே அழிக்க வருகிற பழைய கதைதானே? கலாக்டிகா என்ற விண்கப்பலில் கணினிகளை இணைக்கவே கூடாது என்ற தளபதி அடாமாவின் பிடிவாதம் எனக்கு அறிவியல் மேல் இருக்கும் பயமாகத்தான் பட்டது. இதில் அப்படி என்ன கண்டீர்கள்?

ரா.

அன்புள்ள ரா.,

அறிவியல் மேல் பயம் இருக்கிறவர் நொடியில் விண்வெளியைத் தாண்டிப் போகிற கப்பலுக்குத் தளபதியாக இருப்பாரா? கலாக்டிகாவில் கணினிகள் நிறையவே உண்டு. அவை ஒன்றோடொன்று பேசக் கூடாது, அவ்வளவுதான் அவர் போட்ட சட்டம். 2003இல் வந்த தொடக்கப் பகுதியை இன்னொரு முறை பாருங்கள். கப்பல் ஓய்வு பெற்று அருங்காட்சியகமாகப் போகிறது. கணினிகளை இணைத்தால் ஆசிரியர்களுக்கு உதவியாக இருக்குமே என்று கல்வி அமைச்சர் லாரா ராஸ்லின் கேட்கிறார். நியாயமான கோரிக்கைதான். அடாமா மறுக்கிறார். வேலை சுலபமாக வேண்டும் என்று யாரோ வேகமான கணினி கேட்டதால் இதே கப்பலில் பலர் செத்தார்கள் என்கிறார். சைலான்கள் என்ற அந்த இயந்திரங்களோடு நடந்த முந்தைய போரில் விமானம் ஓட்டியவர் அவர். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்.

அப்புறம் சைலான்கள் மறுபடி வருகிறார்கள். புதிய போர் விமானங்களின் மென்பொருளுக்குள் அவர்கள் ஏற்கெனவே நுழைந்துவிட்டதால், விளக்கணைந்து, ஒரு குண்டு கூடச் சுடாமல் அவை அப்படியே மிதக்கின்றன. சுருள் ஒயர் வைத்த தொலைபேசியில் ஆணை பிறப்பிக்கும் கிழட்டுக் கப்பல் தப்பிக்கிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதற்கடுத்து வரும் ‘33’. அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதை 2005இல் வாங்கிய பகுதி. அழிவில் பிழைத்த மனிதர்கள் சில கப்பல்களில் தப்பி ஓடுகிறார்கள்; ஐந்து நாளுக்கு மேலாக, 33 நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இயந்திரத்துக்குக் களைப்பில்லை. இவர்களுக்கோ கண்கள் செருகுகின்றன, சவரம் செய்யாத முகங்கள், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார்கள். 1,300 பேருக்கு மேல் இருந்த ஒலிம்பிக் கேரியர் என்ற பயணிகள் கப்பல் பின்தங்கிவிட, அந்த முறை 33 நிமிடம் கழிந்தும் தாக்குதல் இல்லை. அது திரும்பி வந்ததும் சைலான்களும் வந்துவிடுகிறார்கள். உள்ளே அணுகுண்டு இருப்பதாகக் கருவி காட்டுகிறது. நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை. அடாமாவின் மகன் லீ, விமானத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய் ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கிறான். யாரும் தெரியவில்லை. யாரும் இல்லை என்று உறுதியாகவும் சொல்ல முடியவில்லை. சுடுகிறான்.

நீங்கள் கேட்டீர்களே, நான் கண்டது இந்த இடத்தைத்தான். ஆணையிட்ட, இப்போது குடியரசுத் தலைவராகிவிட்ட ராஸ்லினும் அடாமாவும், விசையை அழுத்திய லீயும் ‘கணக்குப்படி அப்படித்தான் வந்தது’ என்று கைகழுவ முடியாது. செய்தவன் நான் என்று லீ அதைச் சுமந்தே ஆக வேண்டும். இயந்திரத்தின் ஆட்சிக்கு உட்பட மறுப்பது என்றால் இந்தப் பாரத்தையும் சேர்த்து ஏற்பது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பிழைத்திருப்பவர்களின் எண்ணிக்கையை ராஸ்லின் ஒரு வெள்ளைப் பலகையில் கையால் எழுதி வைத்திருப்பார். அந்தப் பகுதியின் கடைசியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. கடைசி இலக்கத்தை அழித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுகிறார்.

சரி, உங்கள் குற்றச்சாட்டு பொருந்துகிற ஓர் இடமும் உண்டு. 2009இல் வந்த முடிவில் கப்பல்களை எல்லாம் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு புதிய மண்ணில் வாழப் போகிறார்கள். அந்த யோசனையும் லீயுடையதுதான். அங்கே எனக்கு மனம் ஒப்பவில்லை. அத்தனை பேரையும் காப்பாற்றிக் கொண்டுவந்த, கோட்டில் என்ற அந்த மருத்துவர், கருவிகள் இல்லாமல் இனி ஒரு பிரசவத்தை எப்படிப் பார்ப்பார்?

அன்புடன்