கோயில் வேலையை எந்த மாதத்தில் தொடங்குவது?

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆலய பரிபாலன சபைச் செயலாளர் கேட்டிருக்கிறார்: "எங்கள் மாரியம்மன் கோயிலின் கருவறை, அர்த்தமண்டபம் இரண்டையும் இடித்துக் கட்டப் போகிறோம். ஒவ்வொரு குடும்பமும் மாதாமாதம் பணம் தருகிறது. இப்போது ஆவணி. வருகிற பங்குனியில் கும்பாபிஷேகத்துக்கு நாள் வைக்கலாமா?"

வேண்டாம் தம்பி. வருகிற பங்குனிக்கு ஏழு மாதம்தான் இருக்கிறது. அதற்கடுத்த பங்குனியை மனதில் வையுங்கள். நாளைக் குறித்துவிட்டு அதற்குள் வேலையைத் திணித்தால், ஈரம் காயாத சுவரில் பெயின்ட் அடிக்க வேண்டி வரும். நம் பக்கத்தில் மழையைப் பார்த்து வேலையை அடுக்கி, கடைசியில்தான் நாள் பார்க்க வேண்டும்.

இன்றிலிருந்து கார்த்திகை வரை கடதாசி வேலை. நிலம் தோட்டக் கம்பனியின் குத்தகையில் இருக்கும், ஆகவே முதலில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அப்புறம் மண்சரிவு அபாயம் பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை, அதோடு வரைபடத்துக்குப் பிரதேச சபை அனுமதி. அறிக்கை வரும்வரை மேட்டை வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையே மண் மூடியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிவை வெட்டித் திறந்து வைப்பது தோட்டத்தையே பணயம் வைக்கிற வேலை. அத்திவாரம் தை பிறந்த பிறகுதான்.

பாலாலயமும், அதாவது வேலை முடியும்வரை அம்மனைத் தற்காலிக இடத்துக்கு மாற்றுவதும், அப்போதுதான். இதை அழுத்திச் சொல்கிறேன். நான் பார்த்த ஒரு தோட்டத்தில் கையில் காசு சேருமுன்பே பாலாலயம் செய்தார்கள். சுவர் இடுப்பளவில் நின்றுவிட்டது. அம்மன் மூன்று வருடம் தகரக் கொட்டகையில் இருந்தாள். விளக்கு வைக்க வந்த கிழவிகள் அழுததை மறக்க முடியவில்லை. கூரைக் கொங்கிரீட்டுக்கான முழுப் பணமும் தனியாக எடுத்து வைத்த பிறகே அம்மனை இடம் மாற்றுங்கள்.

ஏன் கூரைப் பணம்? சுவரைச் சம்பளத்துக்குச் சம்பளம் நாலு வரியாகக் கட்டலாம். கூரையை அப்படிப் போட முடியாது, ஒரே நாளில் போட்டு முடிக்க வேண்டும். 20 அடிக்கு 15 அடி, 5 அங்குலத் தடிப்பு என்றால் 125 கன அடி. அதற்கு மட்டுமே ஏறக்குறைய 23 மூடை சீமெந்து போகும். கம்பி, மணல், கல், பலகை, கூலி வேறு.

மணலைச் சுமக்கும் நாளையும் கணக்கில் சேருங்கள். ஒரு கியூப், அதாவது நூறு கன அடி மணல் ஏறத்தாழ நாலரை தொன். லொறி றோட்டிலேயே நின்றுவிட்டால், ஆளுக்கு 25 கிலோ என்று வைத்தாலும் 180 நடை. ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் சிரமதானத்தில் முடிப்பீர்கள், சரி. ஆனால் மார்கழி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். வார இறுதியிலும் போயாவிலும் ஹட்டன் - மஸ்கெலியா றோட்டில் லொறி ஊர்ந்துதான் வரும். மணலை வாரநாளில் இறக்கிவிட்டு ஞாயிறன்று சுமங்கள். சீமெந்தை மட்டும் முன்கூட்டியே வாங்கி அடுக்க வேண்டாம். நம் பனியில் மூடைக்குள்ளேயே கட்டிபட்டுவிடும்.

கூரையை மார்ச் கடைசி வாரத்தில் போட்டுவிடுங்கள். ஏப்ரல் நடுவில் சித்திரை வருடப்பிறப்புக்குப் பாஸ்மார் (மேசன்மார்) ஊருக்குப் போனால் பத்து நாளாவது திரும்ப மாட்டார்கள். அந்த நாட்களில் கொங்கிரீட் அதைத் தாங்கும் முட்டில் நின்று இறுகட்டும். குளிரில் அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும் என்பதால் நான் 21 நாளுக்கு முன் முட்டைத் தட்ட விடுவதில்லை. முதல் ஏழு நாளும் நனைந்த சாக்கு காயாமல் தண்ணீர் ஊற்ற இளைஞர்களுக்கு முறை போட்டுக் கொடுங்கள்.

வைகாசியிலிருந்து ஆடி வரை தென்மேற்கு மழை. கூரை இருப்பதால் உள்பூச்சு, தரை, மின்சார வேலையெல்லாம் உள்ளே நடக்கும். இந்த மாதங்களில் சேருகிற பணத்தைக் கருவறைக்கு மேல் எழுப்பும் விமானத்துக்கு ஒதுக்குங்கள். ஸ்தபதியாரிடம் இப்போதே பேசி ஆவணி, புரட்டாசியை வாங்கி வையுங்கள். சாரத்துக்கு மேல் தகரம் போட்டு மூடினால்தான் சுதை (சாந்துச் சிற்ப) வேலை ஓடும், அந்தத் தகரச் செலவில் கைவைக்காதீர்கள். அதற்குப் பிந்திய ஐப்பசி, கார்த்திகையில் வெளிவேலை ஒன்றும் வேண்டாம். சுதை நன்றாகக் காயட்டும், வர்ணத்தைத் தை, மாசி வெயிலில் தீட்டலாம்.

குருக்களிடம் நாள் கேட்பதை அந்த ஐப்பசியில் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் முடிந்திருந்தால் பங்குனி முற்பகுதியில் ஒரு நாளைக் கேளுங்கள். அதிலிருந்து 48 நாள் மண்டலாபிஷேகம் எண்ணினால், பெருமழை இறங்குமுன் பூர்த்தியாகிவிடும். விமானம் முடியவில்லையென்றால் அந்த வருடம் நாளே கேட்காதீர்கள்.