மூட்டையா ஆஃபரா? மொதல்ல தலைய எண்ணுங்க

கேள்வி: நாங்க பள்ளத்தூர் பக்கம். பெரிய வீடு, ஆனா இருக்கறது நானு, வீட்டுக்காரவுக, மாமியா, படிக்கிற பையன்னு நாலே பேரு. மளிகைக்கு மட்டும் மாசம் 11,000 ரூபா ஆகுது. "எங்க அப்பத்தா காலத்துல வருஷ சாமான் மூட்டையா வாங்கி போட்டாக, நீதான் ஆஃபர் ஆஃபர்னு காச கரைக்குற"ன்னு வீட்டுக்காரவுக தெனம் சொல்றாக. அவுக பேச்ச கேட்டு போன சித்திரையில பருப்பு மூட்டையா எடுத்தோம், கார்த்திகையில வண்டு விழுந்து பாதிய கொட்டினோம். ரேசன் கடைக்கு போற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல. மூட்டையா ஆஃபரா, எதுல மிச்சமாகும்?

பதில்: ரெண்டுலயும் ஆகாது தங்கச்சி. நீங்க ரெண்டு பேரும் வீட்டு அளவுக்கு வாங்குறீங்க, ஆளு அளவுக்கு வாங்கல.

உங்க வீட்டுக்காரவுக அப்பத்தா காலத்த சரியா நெனச்சு பாக்கணும். செட்டிநாட்டு பெரிய வீடுகள்ல ஒரே கூரைக்கு கீழ எத்தன குடும்பம் இருந்தாலும் மகனுக்கு கல்யாணமானா வேறு வச்சிருவாக, தனி அடுப்பு தனி சமையல், வருஷத்துக்கு இவ்வளவு அரிசி இவ்வளவு சாமான் இவ்வளவு பணம்னு பங்கு பிரிச்சு குடுத்துருவாக, அதுக்குள்ள தான் அந்த பொண்ணு குடும்பம் நடத்தணும். அப்ப மிச்சம் வந்தது மூட்டையால இல்ல, அந்த அளவால. அளவ விட்டுட்டு மூட்டைய மட்டும் புடிச்சுக்கிட்டா பருப்பு வண்டுக்கு தான் போகும்.

அதனால மொதல்ல உங்க அளவ கண்டுபுடிங்க. எந்த பாக்கெட்ட பிரிச்சாலும் அது மேல தேதி எழுதுங்க, தீந்த அன்னைக்கு கேலண்டர்ல குறிங்க. ரெண்டு மாசம் இத செஞ்சா நாலு பேருக்கு துவரம்பருப்பு எவ்வளவு, உளுந்து எவ்வளவு, எண்ணெய் எவ்வளவுன்னு தெரிஞ்சிரும். சோப்பு, ஷாம்பு, வெளக்குமாறு, வந்த விருந்தாளிக்கு செஞ்ச பலகாரம் எல்லாத்தையும் மளிகை கணக்குலயே எழுதியிருப்பீங்க, அத தனியா பிரிச்சு எழுதுங்க, 11,000 எங்க போகுதுன்னு அப்ப தான் கண்ணுல படும்.

வருஷத்துக்கு வாங்குற சாமான்னு பாத்தா உங்களுக்கு ரெண்டு தான், புளியும் மிளகாயும். புதுப்புளி மாசி பங்குனியில வரும். கொட்டையோட இருக்கற புளி விலை கொறச்சலா தெரியும், ஆனா அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல கொட்டை தான், அதனால கொட்டை எடுத்தது ஒன்றரை மடங்கு விலைன்னாலும் உங்களுக்கு நஷ்டமில்ல, குத்தி எடுக்குற வேலையும் மிச்சம். குண்டு மிளகாய்க்கு பக்கத்துல ராமநாதபுரம் சீமையே இருக்கு, அறுப்பு நேரத்துல வாங்கி வளவு வாசல்ல, அதான் நடு முத்தத்துல, ரெண்டு மூணு வெயில் காய வச்சு நல்லா ஆறவிட்டு டப்பால போடுங்க. சூட்டோட மூடினா உள்ள வேர்த்து பூசணம் புடிக்கும், நிறைய பேரு இதுல தான் கோட்ட விடுறாக. பருப்பு ஒரு மாசம், மிஞ்சினா ரெண்டு மாசத்துக்கு மேல வேணாம். ஐப்பசி கார்த்திகை மழை ஈரம் ஏறினா வண்டு கெளம்பிரும், உங்களுக்கு நடந்ததும் அது தான். கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாம் 50 கிராம் போதும், வாசம் போன மசாலாவ ரெண்டு மடங்கு அள்ளி போட்டாலும் குழம்பு எடுபடாது.

அடுத்து ஆஃபர். பாக்கெட்ல எம்ஆர்பியோட சேத்து ஒரு கிராம் இவ்வளவு, ஒரு கிலோ இவ்வளவுன்னு அலகு விலை போட்டிருக்கணும், சட்டமே இருக்கு. "ஒன்னு வாங்கினா ஒன்னு ஃப்ரீ"ங்கற எழுத்த படிக்காம அந்த சின்ன எழுத்த படிங்க. எண்ணெய்ல இன்னும் உஷார், ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் எடை இருக்கும், இப்ப 850, 800 கிராம் பாக்கெட் எல்லாம் பாக்க அதே சைஸ்ல வருது, அத லிட்டர்னு நெனச்சு வாங்கிட்டு மலிவுன்னு சொல்லக்கூடாது. காய்க்கு காரைக்குடி திங்கக்கெழம சந்தை இருக்கு, பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ல டிக்கெட்டும் கெடையாது. வாங்கின காய வீணாக்காம செய்ய நம்ம செட்டிநாட்டு மண்டிக் குழம்பு இருக்கு, அரிசி கழுவின தண்ணியில செய்யறது, பருப்பே வேணாம்.

இப்ப நீங்க ஒரு வரியில எழுதிட்டு தாண்டிப் போன விஷயத்துக்கு வரேன். ரேசன் கடைக்கு போற பழக்கம் இல்லங்கறது எனக்கு ஒப்புக்கவே முடியல. கடையில கிலோ நூறுக்கு மேல விக்கிற பருப்பு அங்க 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா. அந்த பருப்பு குழையாது, ருசி இல்லன்னு மாமியா சொல்லலாம், சாம்பாருக்கு பாதிக்கு பாதி கலந்து முன்கூட்டியே ஊற வச்சு வேக வச்சு பாருங்க, பாமாயில பலகாரத்துக்கு வச்சுக்கிட்டு நல்லெண்ணெய குழம்புக்கு மட்டும் ஊத்துங்க. உங்க கார்டுக்கு அந்த சாமான் உண்டுன்னா அது உங்க பங்கு, கை நீட்டி வாங்குறதுல என்ன கொறச்சல்? இந்த கவுரவத்துக்கு தான் மாசாமாசம் கடைக்காரருக்கு கூட குடுத்துக்கிட்டு இருக்கீங்க.

கடைசியா வீட்டுக்காரவுகளுக்கு, இந்த பக்கத்த அவுக கையில குடுங்க. அண்ணே, அடுப்படிய தெனம் கொற சொல்லாம ரெண்டு மாசம் நீங்க பைய தூக்குங்க, சந்தைக்கும் ரேசன் கடைக்கும் நீங்க போங்க, கணக்கும் நீங்களே எழுதுங்க. தங்கச்சி அத எழுத வேணாம், சரிபாத்தா போதும். அதுக்கப்புறம் எவ்வளவு மிஞ்சுச்சுன்னு எனக்கு எழுதுங்க, இதே பக்கத்துல போடுறேன்.