மனச்சோர்வு மாத்திரைகள்: மருத்துவர் பதில்கள்

ஈரோடு வாசகர்: எஸ்சிடலோப்ராம் 10 மி.கி. பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். ஒரு மாற்றமும் இல்லை. மாத்திரை போலியாக இருக்குமோ?

பத்து நாளில் அந்த முடிவுக்கு வர வேண்டாம். நரம்பணுக்களிடையே செய்தி கடத்த வெளிப்பட்ட செரோடோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உள்ளிழுக்கும் புரதத்தை மாத்திரை சில மணி நேரத்திலேயே அடைத்துவிடுகிறது. ஆனால் செரோடோனின் கூடியதும், அதைச் சுரக்கும் அணுக்கள் தம்மிடமுள்ள தடுப்பு ஏற்பிகள் (செரோடோனினை உணர்ந்து சுரப்பை அடக்கும் புரதங்கள்) வழியாகச் சுரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. அந்த ஏற்பிகள் மெல்ல மந்தமாகி, மூளை புதிய நிலைக்குப் பழக வேண்டும் என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். இரண்டு முதல் நான்கு வாரம் பொறுங்கள். அதன் பிறகும் பலன் தெரியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை நீங்களாகக் கூட்டக் கூடாது.

கோபிசெட்டிபாளையம் வாசகி: மனதுக்குத் தரும் மாத்திரை வயிற்றை ஏன் குமட்டுகிறது?

உடலின் செரோடோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது; மாத்திரை அங்கும் வேலை செய்வதால் குமட்டுகிறது. சாப்பிட்ட பின் போட்டுக்கொள்ளுங்கள். ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பல்லடம் வாசகி: என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிட்டார். குணமானதும் நிறுத்திவிட்டோம். இப்போது தலைசுற்றலும், தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோன்ற உணர்வும் இருக்கின்றன. மீதமிருந்த அட்டையை உறவுக்காரியான நங்கையாளுக்குக் கொடுத்தோம். இது அடிமையாக்கும் மாத்திரையா?

அம்மணி, மெடிக்கலில் இருக்கும் மாத்திரைகளில் பாதி வெள்ளைதான். பெயரும் அளவும் எழுதாத கடிதங்கள் வாரந்தோறும் வருகின்றன. நீங்கள் சொல்வதை வைத்து, மனச்சோர்வு மாத்திரை என்றே எடுத்துக்கொள்கிறேன். அடிமைப்பட்டவருக்கு மருந்தின்மேல் தீராத வேட்கை எழும், அளவும் ஏறிக்கொண்டே போகும்; இவ்வகை மாத்திரைகளில் அவை இல்லை. மருந்துக்குப் பழகிய மூளையிலிருந்து அதைத் திடீரென்று எடுத்ததால் வந்த தொல்லை இது. எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை ஒரு நாள் சொச்சத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால் இத்தொல்லை சீக்கிரம் தலைகாட்டும். ஃப்ளூவாக்செடின் வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் அதில் குறைவு. குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, பின்னர் மருத்துவர் சொல்லும் படிகளில் குறைத்தே நிறுத்த வேண்டும். இல்லையேல் நோய் திரும்பக்கூடும். அவரை இந்த வாரமே சீட்டு எழுதியவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நங்கையாளிடம் கொடுத்த அட்டையை இன்றே திரும்ப வாங்குங்கள்: இருமுனை மனநோய் (மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) உள்ளவரை இம்மாத்திரை அளவு மீறிய கிளர்ச்சிக்குத் தள்ளிவிடக்கூடும், அவருக்கு அது இல்லையென்று நீங்கள் எப்படி அறிவீர்கள்?

பொள்ளாச்சி வாசகர்: மூட்டுவலி மாத்திரையையும் சேர்த்துப் போடலாமா?

கேட்காமல் போடக் கூடாது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும், மாத்திரை அடைக்கும் அதே புரதத்தால்தான் செரோடோனினைச் சேர்த்துக்கொள்கின்றன; அது அடைபட்டிருக்கையில் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். டிரமடால் என்ற வலி மாத்திரை வேறு வகையில் ஆபத்து.

கரூர் வாசகர்: 19 வயது மகனுக்கு மாத்திரை தொடங்கி ஒரு வாரம். படபடப்பாக இருக்கிறான்.

இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 25 வயதுக்குட்பட்டோரில் சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். அவனைத் தனியே விடாதீர்கள், வெளிப்படையாகக் கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம்.