கீழ்ச் சிலிண்டரில் தண்ணீர்

கேள்வி: என் பழைய இரட்டைச் சிலிண்டர் போட் இஞ்சினில் கீழ்ப் பிளக்கைக் கழற்றினால் தண்ணீர் நிற்கிறது. ஹெட் காஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் இடையே வைக்கும் கசிவுத்தடுப்பு) மாற்றியும் சரிவரவில்லை.
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: தம்பி, அந்தத் துளியைக் கறுப்புத் தகரத்தில் விட்டு வெயிலில் காயவையுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால், அது இஞ்சினைக் குளிராக்கும் கடல்நீர். எரிபொருள் எண்ணெய்க் கானில் மழைத்தண்ணீர் கலந்திருந்தால் பெரும்பாலும் இரண்டு பிளக்குமே நனையும்.

ஹெட்டின் முகத்தைத் தட்டையான கண்ணாடியில் வைத்துப் பார்த்தீர்களா? வளைந்த ஹெட்டுக்குப் புதுக் காஸ்கெட் என்ன செய்யும்? அது நேராக இருந்தால் எக்ஸோஸ்ட் (புகை போகும் வழி) மூடியைக் கழற்றுங்கள். அலம்பிலில் ஓடிய என் இஞ்சினில் அதன் உள்தகட்டை உப்பு அரித்து ஊசித்துளை விழுந்திருந்தது; அதன் வழியேதான் கடல்நீர் சிலிண்டருக்குள் போனது. அதைக் கண்டுபிடிக்குமுன் வீணாக இரண்டு ஹெட் காஸ்கெட் வாங்கினேன்!

அதுவரை இஞ்சினைச் சும்மா விடாதீர்கள். தண்ணீரை வெளியேற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் இஞ்சின் ஒயில் விட்டு, கயிற்றை இழுத்துச் சுற்றிவிடுங்கள். ஓர் இரவு போதும், துரு பிடித்துவிடும்.